வெட்டுவதற்கு முன் பார், வெட்டிய பின் ஒட்டு

அன்பு மருமகள் கயலுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஃபைலும் வந்தது, கூடவே உன் புலம்பலும் வந்தது. தாத்தாவின் மொய் நோட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறாய் என்று உங்கம்மா கீரைக்காரி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள். அதனால் இனி நீ பாதியில் விட முடியாது, தாயி. மாட்டிக்கொண்டாய்.

உன் புரோகிராம் போட்ட மொத்தமும் தாத்தா பக்கத்துக்கு அடியில் போட்டிருக்கிற மொத்தமும் ஒத்துவரவில்லை, "தாத்தா கூட்டலில் விட்டிருப்பாரோ" என்று கேட்டிருக்கிறாய். என்னிடம் கேட்டதோடு நிறுத்திக்கொள். அவர் காதில் விழுந்தால் அந்த வயதிலும் பஸ் ஏறிச் சென்னைக்கு வந்துவிடுவார். உன் புரோகிராம் இரண்டையும் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். முதலில் அனுப்பியது ஒரு விதமாகத் தப்பு. திருத்தி அனுப்பியது வேறு விதமாகத் தப்பு. இரண்டுமே ஸ்ப்ளிட் செய்கிற இடத்தில்தான். திட்டுவதற்காக எழுதவில்லை. எனக்குப் பிடித்த சங்கதி என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். போனில் சொன்னால் "ம்ம்" கொட்டிவிட்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாய், எனக்குத் தெரியும்.

ஸ்ப்ளிட் என்ன செய்யும் என்று கேட்டால், "வரியைத் துண்டு துண்டாக்கும் மாமா" என்பாய். ஆக்கும்தான். ஆனால் அதன் கையில் நீ என்ன கொடுக்கிறாய் என்று கவனித்தாயா? உனக்கு வேண்டிய ஊர் எப்படி இருக்கும், பெயர் எப்படி இருக்கும் என்று நீ சொல்வதே இல்லை. நடுவில் எது வந்தால் அதைத் தூக்கிப் போடலாம் என்று மட்டும்தான் சொல்கிறாய். ரீஜெக்ஸ் பேட்டர்ன் என்று நீ எழுதுவது எறிய வேண்டியதன் வர்ணனை. களை எடுக்கப் போகிறவளுக்குப் பயிரைவிடக் களையை நன்றாக அடையாளம் தெரிய வேண்டும் இல்லையா, அந்த மாதிரி. பெர்ல் பாடப் புத்தகங்கள் எழுதிய ராண்டல் ஷ்வார்ட்ஸ் பெயரிலேயே ஒரு விதி சொல்வார்கள். எதை வைத்துக்கொள்வது என்று தெரிந்தால் அதைத் தேடிப் பிடி. எதை எறிவது என்று தெரிந்தால் ஸ்ப்ளிட் போடு. உன்னைப் போல நேராகக் கமாவைக் கொடுத்து ஸ்ப்ளிட் அடிப்பதற்கு முன்னால், இந்த நோட்டில் கமா எல்லா இடத்திலும் களைதானா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும்.

யோசித்திருந்தால் 1,001 கண்ணில் பட்டிருக்கும். நம் ஊரில் யார் வெறும் 1000 எழுதினார்கள்? 501, 1,001, 10,001 என்று ஒன்று சேர்த்துத்தானே எழுதுவார்கள். "மேலூர்,சின்னச்சாமி,1,001" என்ற வரியை நீ கமாவில் வெட்டி மூன்றாவது துண்டைத் தொகை என்று எடுத்தால், சின்னச்சாமி வைத்த மொய் ஒரு ரூபாய். மிச்சமிருக்கிற 001 குறிப்புக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். உன் முதல் புரோகிராமில் மொத்தம் ஏன் பாதாளத்தில் கிடந்தது என்று இப்போது புரிகிறதா? தாத்தாவுக்குக் கூட்டல் தெரியாமல் இல்லை. நீதான் ஆயிரம் வைத்தவர்களையெல்லாம் ஒரு ரூபாய்க்காரர்களாக ஆக்கிவிட்டாய். நாளைக்குச் சின்னச்சாமி வீட்டு விசேஷத்தில் பதில் மொய்யாக ஒரு ரூபாய் வைத்துவிட்டு வந்தால் என்ன ஆகும், நீயே சொல்.

இதற்கு ரீஜெக்ஸில் வழி உண்டு. இரண்டு பக்கமும் எண் இருக்கிற கமாவை விட்டுவிடு, மற்றதை வெட்டு என்று சொல்லலாம். (?<![0-9]),|,(?![0-9]) என்று எழுத வேண்டும். முதல் பாதி, கமாவுக்கு முன்னால் எண் இல்லையென்றால் வெட்டச் சொல்கிறது. நடுவில் நிற்கிற கோடு "அல்லது". பின்பாதி, கமாவுக்குப் பின்னால் எண் இல்லையென்றால் வெட்டச் சொல்கிறது. முன்னும் பின்னும் எட்டிப் பார்க்குமே தவிர, அந்த எழுத்துகளைத் தின்னாது. எறியப்படுவது கமா ஒன்றுதான். சில புத்தகங்களில் கமாவுக்குப் பிறகு மூன்று இலக்கம் வந்தால் அது எண் என்று எழுதச் சொல்வார்கள். அது வெள்ளைக்காரன் கணக்கு. 1,00,001 என்று எழுதிவைத்த உன் உசிலம்பட்டிப் பெரிய தாத்தாவிடம் அது தோற்றுவிடும்.

ஆனால் என்னுடையதும் ஒரு இடத்தில் தோற்கும். தொகை 501, குறிப்பில் "2 கடா" என்று இருந்து, நடுவில் இடைவெளி விடாமல் கமா போட்டிருந்தால், அந்தக் கமாவுக்கும் இரண்டு பக்கம் எண்தான். வெட்டாது. கடாவும் காசும் ஒன்றாகக் கிடக்கும். ரீஜெக்ஸைக் கூர் தீட்டிக்கொண்டே போகலாம், தாயி, முடிவே இல்லை. அதைவிடச் சுலபமான வேலை, அடுத்த நோட்டைத் தட்டும்போதே பிரிக்கிற அடையாளமாக டேப் வைத்துக்கொள்வது. மொய் நோட்டில் யாரும் டேப் எழுதமாட்டார்கள். தகவலுக்குள் வரவே வராத ஒன்றை எல்லைக்கல்லாக நட்டுவிட்டால் ரீஜெக்ஸே தேவைப்படாது, பைத்தானின் சாதாரண ஸ்ப்ளிட் போதும். எக்ஸெல்லிலிருந்து வருகிற, மேற்கோள் குறிக்குள் கமா இருக்கிற சி.எஸ்.வி. ஃபைலாக இருந்தால் இரண்டையுமே தொடாதே. அதற்கென்று பைத்தானோடு சி.எஸ்.வி. தொகுதி சேர்ந்தே வருகிறது. ரீஜெக்ஸ் தெரிந்தவள் என்று பேர் வாங்குவதைவிட, எங்கே அது வேண்டாம் என்று தெரிந்தவள் என்று பேர் வாங்கு.

இப்போது இரண்டாவது புரோகிராமுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உன்மேல் உண்மையிலேயே வருத்தம். உன் சித்தப்பா மகன் தட்டிக்கொடுத்த பக்கங்களில் தொகைக்கு முன்னால் ஆங்கிலத்தில் ஆர்.எஸ். என்று இருக்கிறது. ஒரு வரியில் பெரிய எழுத்து, ஒரு வரியில் சின்ன எழுத்து. அவன் எதைத்தான் ஒழுங்காகச் செய்தான்? அதற்காகப் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காதே என்று நீ இக்னோர்கேஸ் என்ற கொடியைப் போட்டாய். ஸ்ப்ளிட்டிடம் பேட்டர்ன் முதலில், வரி இரண்டாவது, கொடி மூன்றாவது என்று கொடுத்தாய். புரோகிராம் ஓடியது, ஒரு புகாரும் இல்லை. அதிசயமாக 1,001 எல்லாம் சரியாக 1,001 என்றே வந்தது. நீ "ஆஹா, சரியாகிவிட்டது மாமா" என்று எழுதியிருக்கிறாய்.

ஏன் சரியானது என்று கேட்டாயா? கமாவை வெட்டாதே என்று நீ எங்கேயும் சொல்லவில்லையே. பைத்தானின் ரீ தொகுதியில் ஸ்ப்ளிட்டுக்கு மூன்றாவது இடம் கொடிக்கு உரியது கிடையாது. எத்தனை முறை வெட்டலாம் என்ற வரம்புக்கு உரியது, மேக்ஸ்ஸ்ப்ளிட் என்று பெயர். கொடி நான்காவது இடம். இக்னோர்கேஸ் என்ற கொடியின் உள்மதிப்பு 2. ஆக, நீ "எழுத்தளவு பார்க்காதே" என்று சொன்னதை அது "இரண்டு முறை மட்டும் வெட்டு" என்று கேட்டுக்கொண்டது. ஊருக்குப் பின்னால் ஒன்று, பெயருக்குப் பின்னால் ஒன்று, தீர்ந்தது. 1,001 தப்பித்தது அந்தத் தப்பின் புண்ணியத்தில். சின்ன எழுத்து ஆர்.எஸ். எல்லாம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது, பார்.

அதோடு போனால் பரவாயில்லை. குறிப்பு உள்ள வரிகளில் தொகையும் குறிப்பும் ஒரே துண்டாக வந்துவிட்டன. "1,001,பித்தளை அண்டா" எண்ணாக மாறாது. மாறாத வரியைச் சத்தம் போடாமல் தாண்டிப் போ என்று கீழே நீயே எழுதிவைத்திருக்கிறாய். எனவே பணத்தோடு அண்டாவும் கடாவும் பட்டுப்புடவையும் கொண்டுவந்து செய்முறை செய்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் கணக்கில் இல்லை. உன் காதுகுத்துக்குத் தாய்மாமன் நான் செய்ததும் அதில்தான் போயிற்று. எல்லாம் ஏற்றி முடித்தால் மாமன் ஒன்றுமே செய்யவில்லை என்று கம்ப்யூட்டரே சாட்சி சொல்லும். நல்ல மருமகள்!

இந்தக் குழப்பத்தில் விழுந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதனால்தான் பைத்தான் 3.13 பதிப்பிலிருந்து வரம்பையும் கொடியையும் பெயர் சொல்லாமல் இடத்தை நம்பிக் கொடுப்பதை வேண்டாம் என்று அறிவித்து, எச்சரிக்கையும் சேர்த்துவிட்டார்கள். நீ பெயர் சொல்லியே கொடுத்துப் பழகு. கொடி என்றால் ஃபிளாக்ஸ் சமம் என்று எழுதி அதன் பிறகு கொடு. நாலு எழுத்து கூடத் தட்டுவதில் விரல் தேய்ந்துவிடாது. இதைவிட முக்கியமாக இன்னொன்று. தப்பாக வந்தால் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். நீ ஒன்றும் செய்யாமலேயே சரியாக வந்தாலும் ஏன் என்று கேள். இந்த ஒரு பழக்கம் உனக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வரம்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. மொழிக்கு மொழி அதன் அர்த்தம் வேறு. பெர்லில் 3 என்று கொடுத்தால் மூன்று துண்டு. மூன்றாவது துண்டில் மீதி முழுவதும் இருக்கும். பைத்தானில் 2 என்று கொடுத்தால் இரண்டு வெட்டு, அதனால் மூன்று துண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டில் 3 என்றால் எல்லாவற்றையும் வெட்டி முதல் மூன்றைக் கையில் கொடுத்துவிட்டு மீதியைக் குப்பையில் போட்டுவிடும். உன் சிநேகிதி ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு பக்கம் செய்துதருவதாகச் சொன்னாயே, அவளிடம் சொல்லிவை. அங்கேயும் சின்னச்சாமி ஒரு ரூபாயோடு நிற்பார், 001 இருந்த சுவடே இருக்காது.

தாத்தா மொய் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? நான் டிராயர் போட்ட காலத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஊர் சொல்லாமல் பணத்தை மட்டும் நீட்டிவிட்டுப் பந்திக்கு ஓடுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஊர் கட்டத்தைச் சும்மா விடமாட்டார், ஒரு கோடு போடுவார். குறிப்பு இல்லையென்றாலும் கோடு. "வெறுமனே விட்டால், எழுத விட்டுப்போச்சா, எழுத ஒன்றும் இல்லையா என்று நாளைக்கு எப்படித் தெரியும்?" என்பார். உன் ஃபைலில் பார்த்தேன், தட்டியவர்கள் அந்தக் கோட்டையெல்லாம் விட்டுவிட்டார்கள். "கருமாத்தூர்,முத்தையா,501," என்று வாலில் ஒரு கமாவோடு நிற்கிறது.

வெறும் கட்டம் என்றாலே ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு புத்தியைக் காட்டும். பைத்தான் இதை நாலு துண்டாகத் தரும், கடைசியில் ஒரு வெற்றுத் துண்டு. பெர்ல் மூன்றுதான் தரும். கடைசியில் வருகிற வெற்றுத் துண்டுகளை அது தானாகவே உதிர்த்துவிடும். ஊர் இல்லாமல் கமாவில் தொடங்குகிற வரியில் முன்னால் வருகிற வெற்றுத் துண்டை மட்டும் வைத்துக்கொள்ளும். தலையை மதிக்கும், வாலை நறுக்கும். வேண்டாம், எல்லாம் இருக்கட்டும் என்றால் வரம்பாக -1 கொடுக்க வேண்டும். நான் அச்சகத்தில் முகவரிப் பட்டியல்களோடு மல்லுக்கட்டிய காலத்தில் எங்கள் பெர்ல் புரோகிராம் ஒவ்வொன்றிலும் அந்த -1 கண்ணில் படும். புதிதாக வந்த பையன்கள் "இது எதற்கு சார், எடுத்துவிட்டாலும் ஓடுதே" என்பார்கள். ஓடும். பின்கோடு இல்லாத ஆள் வருகிற வரைக்கும் ஓடும்.

இடைவெளியிலும் இந்தப் பேதம் உண்டு. பைத்தானில் எதுவும் கொடுக்காமல் சாதாரண ஸ்ப்ளிட் போட்டால், ஒன்றோ ஒன்பதோ, இடைவெளி எத்தனை இருந்தாலும் ஒரே பிரிவாக எடுத்துக்கொள்ளும், ஓரத்தில் இருப்பதைத் துடைத்துவிடும். ஒற்றை இடைவெளியைக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டு, நடுவில் வெற்றுத் துண்டுகள் குவியும். ரீஜெக்ஸில் பேக்ஸ்லாஷ் எஸ் பிளஸ் கொடுத்தால் நடுவில் சரியாக இருக்கும், ஆனால் வரியின் தலையில் இடைவெளி இருந்தால் ஒரு வெற்றுத் துண்டு முதல் ஆளாக வந்து நிற்கும். அந்த முதல் வழக்கம் 1977இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த ஆக் என்ற குட்டி மொழியிலிருந்து வந்தது. ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூன்று பேர் செய்தார்கள். 1987 டிசம்பரில் லாரி வால் பெர்லை வெளியிட்டார். அவர் மொழியியல் படித்தவர். பெர்லில் மேற்கோளுக்குள் ஒற்றை இடைவெளி கொடுத்தால் இன்றைக்கும் அது ஆக் மாதிரியே நடக்கும், சாய்கோடுகளுக்குள் கொடுத்தால் சொன்னதை மட்டும் செய்யும்.

நீ போடுகிற நட்சத்திரக் குறிக்கு இதைவிட வயது. ஸ்டீபன் கிளீனி என்ற கணிதக்காரர் 1951இல் நரம்பு வலைகளைப் பற்றி எழுதிய அறிக்கையில்தான் இந்த ரெகுலர் விவகாரமெல்லாம் தொடங்கியது. 1968இல் கென் தாம்சன் அதை எழுத்துத் தேடலுக்கு இறக்கிக் கட்டுரை எழுதினார். உன் அம்மா பிறப்பதற்கு முந்தைய சங்கதிகள். இவற்றையெல்லாம் தேர்வுக்குப் படிக்கிற மாதிரி படிக்க வேண்டாம், காதில் போட்டுக்கொள்.

அப்புறம் இந்தப் புள்ளி. "ரா. பழனிசாமி"யில் இனிஷியலைப் பிரிக்கப் புள்ளியைக் கொடுத்துப் பார்த்து, வெறும் காலிக் கட்டங்களாக வந்தன என்று சிரிப்பு பொம்மையோடு அனுப்பியிருந்தாய். ரீஜெக்ஸில் புள்ளி என்றால் எந்த எழுத்தும். எல்லாவற்றையும் எறி என்றாய், எறிந்துவிட்டது. நடுக்கோடும் அப்படித்தான், "அல்லது" என்று சொன்னேனே. அதை மட்டும் தனியாகக் கொடுத்தால் ஒன்றுமில்லை அல்லது ஒன்றுமில்லை என்று அர்த்தமாகி எழுத்துக்கு எழுத்து வெட்டும். முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டால் இரண்டும் சாதுவாகிவிடும். பைத்தானில் பேட்டர்னைத் திறக்கும் மேற்கோளுக்கு முன்னால் எப்போதும் ஒரு ஆர் போட்டுப் பழகு. இல்லையென்றால் பேக்ஸ்லாஷைப் பைத்தானே நடுவில் பிடித்து வேறு அர்த்தம் பண்ணிவிடும்.

தமிழ் என்பதால் இன்னொரு வம்பும் காத்திருக்கிறது. பெயர்களைச் சொல் சொல்லாகப் பிரிக்க, சொல்லில் சேராததையெல்லாம் எறி என்ற அர்த்தத்தில் பேக்ஸ்லாஷ் பெரிய டபிள்யூ பிளஸ் எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். ஆங்கிலப் பெயருக்குச் சரி. "பழனிசாமி"யைக் கொடுத்துப் பார். "பழன்" கூட வராது. பழன, ச, ம, கடைசியில் ஒரு வெற்றுத் துண்டு. பைத்தானின் ரீ தொகுதி எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் சொல்லில் சேரும் என்கிறது. நம் கொம்பும் காலும் சுழியும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. அதனால் அவையெல்லாம் களை என்று பிடுங்கி எறிந்துவிடுகிறது. பெர்ல் குறிகளையும் சொல்லில் சேர்த்துக்கொள்ளும், அங்கே பழனிசாமி பிழைத்துக்கொள்வார். ஜாவாஸ்கிரிப்ட்டில் டபிள்யூ என்றாலே ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான், தமிழ் ஒரு எழுத்துகூடச் சொல் இல்லை. எனவே தமிழில் "சொல் அல்லாதது" என்று எதிர்மறையாகச் சொல்லாதே. இடைவெளி, கமா, புள்ளி என்று எறிய வேண்டியதைப் பெயர் சொல்லி எழுது. எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டி வந்தாலும் ஞாபகம் வை. பழனிசாமி நம் கண்ணுக்கு 5 எழுத்து, கம்ப்யூட்டருக்கு 8 குறியீடு. பெர்லில் பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் என்று கேட்டால் 5 ஆகத் தரும். பைத்தானின் ரீ அதை அறியாது, ரீஜெக்ஸ் என்ற தனித் தொகுதியை இறக்கிக்கொள்ள வேண்டும்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. கமாவுக்கு முன்னும் பின்னும் இருக்கிற இடைவெளியையும் சேர்த்து விழுங்கட்டும் என்று நட்சத்திரம் போட்டிருக்கிறாய். மொய் நோட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் யார் யாரோ தட்டுகிற எழுத்தை வாங்குகிற இடத்தில் நாளைக்கு வேலை பார்ப்பாய். 2016 ஜூலையில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளமே 34 நிமிஷம் படுத்துவிட்டது. காரணம், வரியின் ஓரத்து இடைவெளியைத் துடைக்க எழுதிய ஒரு சின்ன ரீஜெக்ஸ். யாரோ போட்ட பதிவில் ஒரே வரியில் சுமார் 20,000 இடைவெளிகள் தொடர்ந்து இருந்தன, ஆனால் வரியின் கடைசியில் இல்லை. முதல் இடைவெளியிலிருந்து ஓடிப் போய்ப் பார்க்கும், வரி முடியவில்லை. திரும்ப வந்து இரண்டாவதிலிருந்து ஓடும். அப்படியே 20,000 தடவை. கூட்டினால் சுமார் 20 கோடி ஒப்பீடு. நீ எழுதியிருக்கிற கமா பேட்டர்னும் அதே சாதிதான். நீள இடைவெளிக்குப் பிறகு கமா வராவிட்டால் அதே ஓட்டம் ஓடும். கமாவில் மட்டும் வெட்டு, துண்டுகளின் ஓரத்தை அப்புறம் ஸ்ட்ரிப் போட்டுத் துடை. இரண்டு வரி ஆகும், படிப்பவனுக்கும் புரியும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூல ஃபைலைத் தனியாக வை, அதில் கை வைக்காதே. பிரித்ததைத் திரையில் போட்டுப் பார்க்கும்போது ஒவ்வொரு துண்டையும் சதுர அடைப்புக்குள் போட்டுக் காட்டு. வெற்றும் ஓரத்து இடைவெளியும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு வரியிலும் எத்தனை துண்டு என்று எண்ணு, நாலு வராத வரியைத் தாண்டிப் போகாமல் வரி எண்ணோடு கத்தச் சொல். அந்தச் சத்தம் போடாமல் தாண்டுகிற வரியை இன்றைக்கே எடுத்துவிடு, மாமா சொல்கிறேன்.

கடைசியாக, பேட்டர்ன் முழுவதையும் ஒரு பிறை அடைப்புக்குள் போடு. அப்படிப் போட்டால் ஸ்ப்ளிட் எறிய வேண்டியதையும் எறியாமல் துண்டுகளுக்கு நடுவில் வரிசையாகக் கொடுத்துவிடும். பைத்தானிலும் பெர்லிலும் இது உண்டு. பெர்லில் -1 மறக்காதே. உள்ளே வேறு அடைப்பு இருந்தால் அது துண்டாக வராதபடி, திறந்ததும் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் போட்டுவிடு. எல்லாவற்றையும் வந்த வரிசையில் ஒட்டிப் பார். பழைய வரி அச்சு அசலாகத் திரும்ப வர வேண்டும். நடுவில் வந்த எறிபொருள்களை மட்டும் தனியே ஒரு பட்டியலாகப் பார். அதில் கமாவைத் தவிர வேறு எதுவும் இருந்தால், எறியக்கூடாததை எறிந்திருக்கிறாய். எதை வைத்துக்கொண்டோம் என்று எல்லோரும் பார்ப்பார்கள், தாயி. எதை எறிந்தோம் என்று பார்க்கிறவள் கையில்தான் கணக்கை நம்பிக் கொடுக்கலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகு தாத்தாவின் பக்க மொத்தம் இருக்கவே இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் மனுஷன் கூட்டிப் போட்டு, அடுத்த பக்கத் தலையில் கொண்டுபோய் எழுதியிருக்கிறார். கால்குலேட்டர் கிடையாது, பக்கத்தில் பந்திச் சத்தம், மைக் செட் அலறல். அதிலேயே அவ்வளவு பத்திரமாகச் செய்திருக்கிறார். உனக்குப் பரிசோதிக்க இதைவிட நல்ல விடைத்தாள் கிடைக்காது. பக்கம் பக்கமாக ஒப்பிடு. எந்தப் பக்கம் இடிக்கிறதோ அந்தப் பக்கத்தில் முதலில் உன் புரோகிராமைச் சந்தேகப்படு, அடுத்து தட்டிய உன் சித்தப்பா மகனைச் சந்தேகப்படு, அதற்கும் பிறகு மிச்சம் இருந்தால் எனக்கு எழுது. தாத்தாவிடம் எப்படிக் கேட்பது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழித்து இதைச் செய்யாதே. தூக்கக் கலக்கத்தில் எழுதிய ரீஜெக்ஸைக் காலையில் எழுதியவளே படிக்க முடியாது. உங்கம்மா ஊறுகாய் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிற பெரியசாமி அண்ணனிடம் வாங்கிக்கொள். சரியான மொத்தம் வந்ததும் அனுப்பு. அதில் என் அண்டா இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
உன் தாய்மாமன்